புற்றுச் செல்லை மட்டும் கொல்லும் பாக்டீரியா நொதிகள்: நம்பிக்கை எங்கே, சிக்கல் எங்கே?

மரபணு மாற்றுக் கடுகு பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்தவர்கள் 'பார்னேஸ்' என்ற பெயரை எங்காவது பார்த்திருப்பார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பென்டல் குழு உருவாக்கிய டிஎம்எச்-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் அந்த அனுமதி பற்றி மாறுபட்ட தீர்ப்பு சொன்னார்கள். அந்தக் கடுகின் ஒரு பெற்றோர் வரிசைக்குள் வைத்திருப்பது பேசில்லஸ் அமைலோலிக்விஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணு. அந்த மரபணு உருவாக்கும் புரதம்தான் பார்னேஸ். மகரந்தப் பையின் உட்சுவர்ச் செல்களில் மட்டும் அது உருவாகும்படி செய்திருக்கிறார்கள். அந்தச் செல்கள் செத்துப்போக, மகரந்தம் உருவாவது நின்றுவிடுகிறது. 1990-இல் பெல்ஜியத்தில் புகையிலையிலும் ரேப் கடுகிலும் முதலில் செய்துகாட்டிய உத்தி இது.

கடுகு நல்லதா கெட்டதா என்ற விவாதம் வேறு. இங்கே நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: பார்னேஸ் உள்ளே உருவானால் அந்தச் செல் பிழைக்காது. அதைச் சுரக்கும் பாக்டீரியாவே தன் உயிரைக் காத்துக்கொள்ள 'பார்ஸ்டார்' என்ற இன்னொரு புரதத்தைக் கூடவே தயாரித்து வைத்திருக்கிறது. பார்ஸ்டார் பார்னேஸின் வெட்டும் வாய் மீதே போய் உட்கார்ந்து அதை அடைத்துவிடும்.

இவ்வளவு கொடிய புரதத்தைப் புற்றுநோய்க்கு எதிராகத் திருப்பிவிட முடியாதா என்று சில ஆய்வகங்கள் பல ஆண்டுகளாக முயன்று வருகின்றன. கடுகில் எந்தச் செல் சாக வேண்டும் என்பதை மரபணுவின் கட்டுப்பாட்டுப் பகுதி தீர்மானிக்கிறது. நோயாளியின் உடலில் அப்படிக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. ஊசி வழியாக ரத்தத்தில் போகும் நொதி எல்லாச் செல்களையும் சந்திக்கும். அப்படியிருந்தும் பார்னேஸ் போன்ற பாக்டீரியா நொதிகளில் சில, புற்றுச் செல்களைக் கூடுதலாகவும் இயல்பான செல்களைக் குறைவாகவும் தாக்குகின்றன. ஏன் என்பதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. அதற்கான பதில் பாதிதான் கிடைத்திருக்கிறது என்றாலும், அந்தப் பாதியே மிகச் சுவையானது.

பார்னேஸ் ஒரு ரைபோநியூக்ளியேஸ், அதாவது ஆர்என்ஏவை வெட்டும் நொதி. டிஎன்ஏவில் உள்ள தகவல் ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, அதை வைத்துத்தான் புரதங்கள் உருவாகின்றன என்பது பள்ளிப் பாடம். ஆனால் ஆர்என்ஏவின் வேலை அதோடு முடிவதில்லை. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏக்கள் ஏராளம். செல்லுக்குள் நுழைந்த ஒரு நொதி இவற்றையெல்லாம் நறுக்க ஆரம்பித்தால் புரத உற்பத்தி நிற்பது ஒருபக்கம். அதற்கு முன்பே செல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும் நிரலை முடுக்கிவிடுவதும் உண்டு. கீமோதெரபி மருந்துகளில் பெரும்பாலானவை டிஎன்ஏவைத் தாக்குகின்றன, அதனால் பிழைத்துக்கொள்ளும் நல்ல செல்களிலும் புதிய பிறழ்வுகளை விட்டுச்செல்லும் ஆபத்து இருக்கிறது. ஆர்என்ஏவைத் தாக்கினால் அந்த ஆபத்து குறைவு. இந்தத் துறைக்கு ஆட்களை இழுத்த முதல் காரணம் இதுதான்.

இந்த எண்ணம் பழையது. 1950-களில் சிகாகோவைச் சேர்ந்த ஆர்மர் என்ற இறைச்சி நிறுவனம் மாட்டுக் கணையத்திலிருந்து ஒரு கிலோ அளவுக்கு ரைபோநியூக்ளியேஸ் ஏ-வைத் தூய்மையாகப் பிரித்தெடுத்து, ஆய்வாளர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. புரத வேதியியலின் பெரிய கண்டுபிடிப்புகள் பல அந்த ஒரு கிலோவிலிருந்து கிளைத்தவை. 1972-இல் வேதியியல் நோபல் பெற்ற அன்ஃபின்சன், மூர், ஸ்டைன் மூவரும் இந்த நொதியை வைத்து வேலை செய்தவர்கள்தான். அதே காலத்தில் லெதூ என்ற ஆய்வாளர் இதை எலிக் கட்டிகளில் போட்டுப் பார்த்தார். கட்டிகள் ஓரளவு கட்டுப்பட்டன, ஆனால் மில்லிகிராம் கணக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பாதையில் ஆர்வம் வடிந்துவிட்டது.

ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்பது பிறகுதான் புரிந்தது. நம் செல்கள் ஒவ்வொன்றின் உள்ளேயும் 'ரைபோநியூக்ளியேஸ் தடுப்பான்' என்ற புரதம் மிதந்துகொண்டிருக்கிறது. குதிரை லாட வடிவம், எடை சுமார் 50 கிலோ டால்டன் (டால்டன் என்பது மூலக்கூறு எடையின் அலகு). பாலூட்டிகளின் ரைபோநியூக்ளியேஸ் ஏ குடும்ப நொதிகளில் பெரும்பாலானவற்றை, உள்ளே வந்தால் லாடத்தின் குழிவில் பிடித்து வைத்துக்கொள்ளும். உயிரியலில் அறியப்பட்ட மிக இறுக்கமான பிணைப்புகளில் ஒன்று இது. ஒருமுறை பிடித்தால் விட வாரக்கணக்கில் ஆகும். நம் கணையமும் பிற உறுப்புகளும் இதே குடும்ப நொதிகளைத் தினமும் சுரக்கின்றன. அவை தவறிப்போய்ச் செல்லுக்குள் நுழைந்தால் ஆபத்து என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடாகவே இதைப் பெரும்பாலோர் பார்க்கிறார்கள்.

பாக்டீரியாவின் நொதிகள் முக்கியமாவது இங்கேதான். பார்னேஸும், அதன் நெருங்கிய உறவான பினேஸும் வேலையில் ரைபோநியூக்ளியேஸ் ஏ-வை ஒத்தவை, அமைப்பில் அதோடு எந்த உறவும் இல்லாதவை. பினேஸ் பேசில்லஸ் புமிலஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து கிடைக்கிறது. பழைய கட்டுரைகளில் அந்தப் பாக்டீரியாவின் பெயர் பேசில்லஸ் இன்டர்மீடியஸ் என்றிருக்கும். பாலூட்டிகளின் தடுப்பான் பாலூட்டிகளின் நொதிக் குடும்பத்துக்கு ஏற்ற மாதிரி பரிணமித்தது. பாக்டீரியா நொதி பக்கத்தில் போனாலும் அதற்கு இதை அடையாளம் தெரியாது. மாட்டு நொதி முட்டி மோதி நின்ற கதவு இவற்றுக்குத் திறந்தே கிடக்கிறது.

பினேஸைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வோல்கா ஆற்றங்கரையில் உள்ள கசான் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் துறை பல பத்தாண்டுகளாக விடாமல் ஆராய்ந்து வரும் புரதம் இது. ஓல்கா இலின்ஸ்கயாவின் பெயர் இதில் முதன்மையானது. பாஸ்பேட் கிடைக்காமல் பசியில் இருக்கும்போது பாக்டீரியா இதை வெளியே விடுகிறது. சுற்றிக் கிடக்கும் ஆர்என்ஏவை உடைத்து அதிலிருந்து பாஸ்பேட்டை எடுத்துக்கொள்ளத்தான். மொத்தம் 109 அமினோ அமிலங்கள், எடை 12.2 கிலோ டால்டன், அதாவது ஹீமோகுளோபினில் ஐந்தில் ஒரு பங்கு கூட வராது. ஆர்என்ஏ இழையில் குவானின் வரும் இடங்களையே பெரிதும் தேடிப்போய் வெட்டும். இதன் மேற்பரப்பில் நேர்மின்சுமை நிறைய உண்டு. அந்தக் கடைசித் தகவல்தான் கதையை நகர்த்துகிறது.

புற்றுச் செல்களின் வெளிச்சவ்வு பெரும்பாலும் இயல்பான செல்களின் சவ்வைவிடக் கூடுதல் எதிர்மின்சுமையோடு இருக்கும். உட்பக்கம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்ற கொழுப்பு வெளிப்பக்கம் வந்துவிடுகிறது, சயாலிக் அமிலம் சுமந்த சர்க்கரைச் சங்கிலிகளும் கூடுகின்றன. நேர்மின்சுமை உள்ள புரதம் அங்கே போய் ஒட்டுவது இயற்கை. ஆனால் மின்சுமைதான் உண்மையிலேயே காரணமா, அல்லது கூடவே வரும் வேறு ஏதாவதா? அதைச் சோதிக்க 2002-இல் வெளிவந்த ஒரு பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தது. அவ்வளவு நேரடியானது அது.

ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஆரியோஃபேசியன்ஸ் என்ற பாக்டீரியாவின் ரைபோநியூக்ளியேஸ் எஸ்ஏ, பினேஸுக்கு நேர்மாறானது. சாதாரண நிலையில் அதன் நிகர மின்சுமை மைனஸ் 7. அது செல்களை எதுவும் செய்வதில்லை. டெக்சாஸைச் சேர்ந்த நிக் பேஸின் குழு இதில் அமில வகை அமினோ அமிலங்கள் சிலவற்றை எடுத்துவிட்டு, அந்தந்த இடத்தில் நேர்மின்சுமை உள்ள லைசினை வைத்தது. மூன்று இடங்களில் மாற்றியதும் நிகர மின்சுமை மைனஸ் 1 ஆனது. ஐந்து இடங்களில் மாற்றியதும் பிளஸ் 3 ஆனது. நொதியின் வடிவமும் வெட்டும் வேகமும் பெரிதாக மாறவில்லை. இலின்ஸ்கயாவும் கூட்டாளிகளும் மூன்றையும் எலியின் இணைப்புத்திசுச் செல்களில் போட்டுப் பார்த்தார்கள். இயற்கையான நொதி எதுவும் செய்யவில்லை. மூன்று மாற்றம் செய்ததும் எதுவும் செய்யவில்லை. ஐந்து மாற்றம் செய்தது கொன்றது. அதிலும் ராஸ் என்ற புற்றுமரபணுவை ஏற்றி வைத்திருந்த செல்களைக் கூடுதலாகக் கொன்றது.

இதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, வெட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, செல்லைத் தொட்டு உள்ளே போகும் தகுதியும் வேண்டும். இரண்டாவதைப் பலர் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள்: அந்த ஐந்து மாற்ற நொதி இயல்பான செல்களையும் கொன்றது, குறைவாக. 'தேர்ந்து தாக்கும்' என்று இந்தத் துறையில் சொல்வதெல்லாம் இந்த அளவு வித்தியாசத்தைத்தான். புற்றுச் செல் என்றால் சாகும், நல்ல செல் என்றால் தப்பும் என்று யாரும் காட்டவில்லை. புற்றுச் செல்லைக் கொல்லும் அளவுக்கும் நல்ல செல்லைக் கொல்லும் அளவுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்பதே கேள்வி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வகத் தட்டில் 'இயல்பான செல்' என்று வைப்பது பல சமயம் முடிவில்லாமல் பெருகும்படி மாறிப்போன செல் வரிசையைத்தான். நம் சிறுநீரகத்திலோ கல்லீரலிலோ உள்ள செல்லுக்கு அது சரியான பிரதிநிதி அல்ல.

அப்படியானால் மின்சுமை கொடுத்த இந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பியா ஒரு மருந்தைக் கட்டுவது? இல்லை. பினேஸின் தேர்வுத்திறனுக்கு இன்னொரு அடுக்கு இருக்கிறது, அது மின்சுமையைவிட ஆழமானது. 2011-இல் வெளிவந்த கசுமி-1 செல்கள் பற்றிய ஆய்வு அதைக் காட்டியது.

கசுமி-1 என்பது ஜப்பானில் அக்யூட் மைலாய்ட் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் வந்த ஒருவரின் ரத்தத்திலிருந்து உருவான செல் வரிசை. அதில் இரண்டு கோளாறுகள் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, எட்டாவது குரோமோசோமும் இருபத்தொன்றாவது குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் பிறந்த ஏஎம்எல்1-ஈடிஓ என்ற கலப்பு மரபணு. இன்னொன்று, கிட் என்ற ஏற்பியில், அதாவது செல்லின் மேற்பரப்பில் சமிக்ஞையை வாங்கும் புரதத்தில், ஒரு பிறழ்வு. அது அணையாமல் 'பெருகு, பெருகு' என்று சமிக்ஞை கொடுத்துக்கொண்டே இருக்கும். இந்தச் செல்களில் பாதியைச் சாகடிக்க 0.56 மைக்ரோமோலார் பினேஸ் போதுமாக இருந்தது. எடையாகச் சொன்னால் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 7 மைக்ரோகிராம்.

ஆய்வாளர்கள் அதோடு நிறுத்தவில்லை. அந்த இரண்டு புற்றுமரபணுக்களில் ஒன்றைக் குட்டி ஆர்என்ஏக்களால் அடக்கினார்கள். செல் பினேஸுக்குச் சாவது நின்றுவிட்டது. கிட்டின் சமிக்ஞையை இமாடினிப் என்ற மருந்தால் அணைத்தார்கள். அப்போதும் அதேதான். மறுபக்கம், இந்தப் புற்றுமரபணுக்களை எலியின் ரத்த முன்னோடிச் செல்களில் ஏற்றியபோது அந்தச் செல்கள் பினேஸுக்கு இலக்காகின. அதாவது செல்லைப் பினேஸுக்குக் காட்டிக்கொடுப்பது அதைப் புற்றுச் செல்லாக்கிய அதே சமிக்ஞைதான். இந்தத் துறையில் நான் படித்த முடிவுகளில் மிக முக்கியமானதாக இதையே சொல்வேன். மற்ற ஆய்வுகள் பலவும் 'இந்தச் செல் செத்தது, அந்தச் செல் சாகவில்லை' என்ற அளவில் நிற்கின்றன. இது ஒரே செல்லில் ஒரு விசையைப் போட்டும் அணைத்தும் பார்த்திருக்கிறது.

இதில் மருத்துவர்கள் கவனிக்க வேண்டிய விளைவும் இருக்கிறது. இமாடினிப் புற்றுநோய் சிகிச்சையை மாற்றியமைத்த மருந்துகளில் ஒன்று. பொதுவாக இரண்டு நல்ல மருந்துகளைச் சேர்த்தால் பலன் கூடும் என்றுதான் நினைப்போம். இங்கே இமாடினிப் கிட்டை அணைத்ததும் பினேஸுக்கு வேலையில்லாமல் போகிறது. நாளைக்கு யாராவது பினேஸை மனிதர்களிடம் சோதிக்கத் தொடங்கினால் நோயாளியின் கட்டியில் எந்தப் புற்றுமரபணு ஓடுகிறது, கூடவே என்ன மருந்து போகிறது என்ற இரண்டையும் பார்க்காமல் தொடங்கக் கூடாது.

2016-இல் ராஸ் பக்கமும் ஒரு திருப்பம் வந்தது. ராஸ் குடும்பத்தைச் சேர்ந்த கேராஸ் மரபணுவின் பிறழ்வு கணையப் புற்றுகளில் பத்தில் ஒன்பதில் காணப்படுகிறது, நுரையீரல், பெருங்குடல் புற்றுகளிலும் நிறைய. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தப் புரதத்துக்கு மருந்தே செய்ய முடியாது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதன் ஒரு குறிப்பிட்ட பிறழ்வுக்கு எதிராக சோட்டோராசிப் 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதுதான் அந்தப் பேச்சு மாறியது. அதற்கு முன்பே, இலின்ஸ்கயாவின் குழுவும் ஜெர்மனியின் பாட் நௌஹைமில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து, பினேஸ் நுரையீரல் புற்றுச் செல்லுக்குள் கேராஸ் புரதத்தோடு நேரடியாகவே ஒட்டுகிறது என்று காட்டினார்கள். கேராஸை முடுக்கிவிடும் எஸ்ஓஎஸ்1 என்ற புரதம் அதோடு சேர முடியாமல் போகிறது. அப்புறம் பெருகச் சொல்லும் சமிக்ஞைச் சங்கிலி முழுவதும் அடங்குகிறது.

ஆர்என்ஏவை வெட்டப் பிறந்த நொதி ஒரு புரதத்தின் மேல் உட்கார்ந்து அதை முடக்குவது யாரும் எதிர்பார்த்த வேலை அல்ல. இதை நான் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் ஏற்றுக்கொள்கிறேன். நேர்மின்சுமை நிறைய உள்ள சிறிய புரதம் பல இடங்களில் ஒட்டும் சுபாவம் கொண்டது. கேராஸோடு ஒட்டுவது எவ்வளவு குறிப்பானது என்பதைத் தொடர்பில்லாத பல ஆய்வகங்கள் செய்துபார்த்துச் சொல்ல வேண்டும்.

விலங்குகளில் என்ன நடந்தது? 2013-இல் நோவோசிபிர்ஸ்க் ஆய்வாளர்கள் நுரையீரல் கட்டியும் லிம்ஃபோசார்கோமா என்ற நிணநீர்ப் புற்றும் வைத்த எலிகளுக்குப் பினேஸ் கொடுத்துப் பார்த்தார்கள். முதன்மைக் கட்டியின் வளர்ச்சியும் பரவலும் குறைந்தன. லெதூ காலத்து மாட்டு நொதியைவிட மிகச் சிறிய அளவே தேவைப்பட்டது. நல்ல செய்திதான். ஆனால் எலியில் பலன் தந்த மருந்துகளின் பட்டியல் மிக நீளமானது, மனிதரில் பலன் தந்தவற்றின் பட்டியல் குட்டையானது.

அந்த இடைவெளியில் விழுந்த நொதி ஒன்றின் கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். வட அமெரிக்கச் சிறுத்தைத் தவளையின் முட்டைகளிலிருந்து எடுத்த அன்கோனேஸ் அது. 104 அமினோ அமிலங்கள். ரைபோநியூக்ளியேஸ் ஏ குடும்பம்தான், ஆனால் லாட வடிவத் தடுப்பான் பிடித்துக்கொள்ளும் இடங்கள் அதில் இல்லாததால் நழுவிவிடும். நியூ ஜெர்சியின் ஆல்ஃபாசெல் நிறுவனம் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய்க்கு இதை மூன்றாம் கட்டச் சோதனை வரை கொண்டுபோனது. 2008-இல் முடிவு வந்தது. அன்கோனேஸ் சேர்த்துக் கொடுத்தவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் உயிர்வாழ்ந்தார்கள் என்று சோதனையால் நிறுவ முடியவில்லை. அளவைக் கூட்டவிடாமல் தடுத்தது சிறுநீரகப் பாதிப்பு. மருந்தை நிறுத்தினால் சரியாகும் வகைதான், இருந்தாலும் கூட்ட முடியவில்லை.

சிறுநீரகம் ஏன் என்பது கணக்குப் போட்டால் விளங்கும். நம் உடலில் ரத்தத்தின் திரவப் பகுதி சுமார் 3 லிட்டர். சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டும் திரவம் சுமார் 180 லிட்டர். மொத்தத் திரவமும் ஒரு நாளைக்கு அறுபது தடவை அந்த வடிகட்டி வழியாகப் போய்வருகிறது. 12 கிலோ டால்டன் எடையுள்ள புரதம் அந்த வடிகட்டியில் தங்குவதில்லை, வழிந்து போய்ச் சிறுநீரக நுண்குழல்களில் சேர்கிறது. மருந்து கட்டியைச் சென்றடைவதற்கு முன்பே சிறுநீரகம் அதைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பினேஸும் பார்னேஸும் இதே எடைதான், எனவே இதே சிக்கல்தான்.

எடையைக் கூட்டுவது ஒரு வழி. மாஸ்கோவில் செர்கேய் தேயெவின் குழு இரண்டு பார்னேஸ்களை ஹெர்2 ஏற்பியைத் தேடிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் துண்டோடு இணைத்தது. மார்பகப் புற்றில் ஹெர்2 பற்றி நம் நோயாளிகள் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். தனியாக விட்டால் பார்னேஸுக்கு மைக்ரோமோலார் அளவு தேவைப்படும் இடத்தில், இந்தக் கூட்டுப் புரதம் நானோமோலார் அளவிலேயே ஹெர்2 மிகுந்த செல்களைக் கொன்றது. ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட முன்னேற்றம். எடை கூடுவதால் சிறுநீரகத்திலிருந்தும் ஓரளவு தப்பலாம். இந்த வழியில் தேர்வு செய்யும் பொறுப்பு எதிர்ப்பொருளுக்குப் போய்விடுகிறது, நொதி வெறும் வெடிமருந்தாகிறது. எனக்கு இதுதான் மருந்தாக வர அதிக வாய்ப்புள்ள வழியாகத் தெரிகிறது.

அடுத்த தடை நம் நோய் எதிர்ப்பு மண்டலம். பாக்டீரியாவின் புரதத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினால் உடல் அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கிவிடும். இதைக் காரணம் காட்டியே இந்தத் துறையை ஒதுக்குபவர்கள் உண்டு, அது சரியல்ல. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பல பத்தாண்டுகளாகக் கொடுக்கப்படும் எல்-அஸ்பராஜினேஸ், ஈ.கோலை பாக்டீரியாவின் நொதிதான். ஒவ்வாமை வந்தது உண்மை. அதற்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளை நொதியின் மேல் போர்த்தினார்கள், இன்னொரு பாக்டீரியாவின் நொதியை மாற்றாக வைத்துக்கொண்டார்கள். அதனால் உயிர்பிழைத்து வளர்ந்தவர்கள் ஏராளம். எதிர்ப்புப் பிரச்சினை கடினமானது, ஆனால் ஒருமுறை கடந்து வந்த பிரச்சினை.

மாற்றுப் பாதையில் போகிறவர்களும் இருக்கிறார்கள். விஸ்கான்சினில் ரொனால்ட் ரெய்ன்ஸின் குழு மனித ரைபோநியூக்ளியேஸையே எடுத்து, தடுப்பானின் பிடிக்குச் சிக்காதபடி மேற்பரப்பை மாற்றியமைத்தது. அது மனிதர்களிடம் முதல் கட்டச் சோதனைக்கும் போனது. நம் சொந்தப் புரதம் என்பதால் எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்பது அதன் பலம். கசுமி-1 செல்களில் பினேஸ் காட்டியது போலப் புற்றுமரபணுவையே பிடிமானமாக்கிக்கொள்ளும் குணம் அதற்கும் உண்டா என்பதுதான் நான் அறிய விரும்பும் ஒப்பீடு.

நோயாளிகளின் குடும்பத்தார் இதைப் படித்தால் முதலில் கேட்பது 'இது எங்கே கிடைக்கும்?' என்றுதான். எங்கும் கிடைக்காது. எந்த நாட்டிலும் எந்தப் பாக்டீரியா ரைபோநியூக்ளியேஸும் புற்றுநோய் மருந்தாக அனுமதி பெறவில்லை. பாக்டீரியா நொதி புற்றைக் கரைக்கும் என்று யாராவது மாத்திரையோ பொடியோ விற்றால், வயிற்றின் அமிலத்திலும் செரிமான நொதிகளிலும் இந்தப் புரதம் தாக்குப்பிடித்து ரத்தத்துக்குப் போய்ச் சேராது என்பதை நினைவில் வையுங்கள். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை இதற்காக நிறுத்தவே கூடாது.

பினேஸ் அடுத்து எங்கே சோதிக்கப்பட வேண்டும் என்று கேட்டால் என் பதில் லுகேமியா. ரத்தத்தில் மிதக்கும் செல்லை எட்டுவது, இறுகிய கட்டிக்குள் ஊடுருவுவதைவிட எளிது. ஏஎம்எல்1-ஈடிஓவும் கிட் பிறழ்வும் சேர்ந்து இருக்கும் நோயாளிகளைச் சாதாரண மரபணுப் பரிசோதனையிலேயே பிரித்தெடுக்கலாம். செல் வரிசைகளை விட்டுவிட்டு அவர்களிடமிருந்து புதிதாக எடுத்த ரத்தச் செல்களை ஒரு தட்டிலும், நலமாக உள்ளவர்களின் எலும்பு மஜ்ஜைச் செல்களை இன்னொரு தட்டிலும் வைத்து, ஒரே அளவு பினேஸ் கொடுத்துப் பார்க்க வேண்டும். கூடவே மூன்றாவது தட்டு ஒன்றும் வேண்டும், மனிதச் சிறுநீரக நுண்குழல் செல்களுக்காக. இந்த மூன்றுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரிந்தால் பினேஸைத் தனியாகக் கொடுக்கலாமா, எதிர்ப்பொருளோடு கட்டித்தான் அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுக்கலாம்.